கப்பலில் முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா?

குரூஸ் எனும் சுற்றுலாக் கப்பலுக்குப் பதிவு செய்யும்போது, எந்த மாதிரி கேபின், எத்தனை பேர், பாஸ்போர்ட் எண் என்ன என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வரும் படிவத்தில் நடுவே ஒரு கேள்வி இருக்கும். இரவுச் சாப்பாடு முன்நேரத்திலா, பின்நேரத்திலா, விரும்பிய நேரத்திலா? முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கேபினுக்கு ஜன்னல் வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு நாள் வீட்டில் பேசினோம். சாப்பாட்டு நேரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கப்பலில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் ஒவ்வொரு மாலையும் எப்படிப் போகும் என்பதை அந்த ஒரு கட்டம்தான் முடிவு செய்திருக்கிறது என்று.

கொரோனாவுக்குப் பிறகு கப்பல் பயணம் மறுபடி சூடுபிடித்திருக்கிறது. சென்னையிலிருந்தே ஏறலாம், சிங்கப்பூர் போய் ஏறலாம். முதன்முறை போகிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான். அதனால் அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் முந்நூறு பேர் உட்காரலாம், வந்திருப்பவர்களோ ஆயிரம் பேர். அதனால் முதல் பந்தி, இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி என்று போகிறது. கப்பலிலும் அதே கணக்குதான். மூவாயிரம் பேர் போகும் கப்பலில் மூவாயிரம் நாற்காலி போட இடம் கிடையாது. ஏறக்குறைய பாதிப் பேர் உட்காரும் அளவுக்கு ஒரு பெரிய கூடத்தைக் கட்டி, இரண்டு தடவை பரிமாறுவார்கள். இந்தக் கூடத்துக்குப் பெயர் மெயின் டைனிங் ரூம். முதல் பந்தி மாலை 5.30 அல்லது 6 மணிக்கு, இரண்டாவது 8 அல்லது 8.30 மணிக்கு. பெரிய கப்பல்களில் இந்தக் கூடமே இரண்டு மூன்று மாடி உயரத்துக்கு, நடுவில் படிக்கட்டும் சரவிளக்குமாக இருக்கும்.

மண்டபத்துப் பந்திக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டாம். உங்கள் மேசைக்கு ஓர் எண் இருக்கும், அது உங்கள் கேபின் அட்டையிலோ கப்பலின் செயலியிலோ போட்டிருக்கும். பயணம் முடியும்வரை அதே மேசை, பக்கத்தில் அதே ஆட்கள், பரிமாறுவதும் அதே ஆள். இதைத்தான் மரபுவழிச் சாப்பாடு, அதாவது டிரெடிஷனல் டைனிங் என்கிறார்கள்.

இரண்டு பந்திக்கும் நடுவே நாடக அரங்கம் இருக்கிறது. முதல் பந்திக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் பாட்டும் நடனமும் பார்க்கப் போவார்கள். இரண்டாம் பந்திக்காரர்கள் அவர்கள் சாப்பிடும் நேரத்துக்குள் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுச் சாப்பிட வருவார்கள். கப்பலின் மாலை முழுக்க இந்த இரண்டு கூட்டமும் இடம் மாறிக்கொள்வதில்தான் ஓடுகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது? சின்னக் குழந்தைகளும் வயதான பெற்றோரும் கூட வந்தால் முதல் பந்தி நல்லது என்றுதான் பலரும் சொல்வார்கள். அது முழுக்கச் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. 5.30 மணி என்பது நமக்குக் காபி நேரம். மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டவருக்கு அந்த நேரத்தில் பசிக்காது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் ஊர் சுற்றிவிட்டு ஐந்து மணிக்குக் கால் வலிக்கத் திரும்பி வந்து, உடனே குளித்து உடை மாற்றி ஓட வேண்டும். இன்னொன்று, கப்பல் கரையை விட்டுப் புறப்படும் நேரம் பெரும்பாலும் மாலையில்தான் வரும். மேல்தளத்தில் நின்று துறைமுகம் சிறுத்துப்போவதைப் பார்க்க வேண்டிய நேரத்தில் சூப் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். எட்டு மணிக்கு மேல் சாப்பிட்டுப் பழகிய குடும்பத்துக்கு இரண்டாம் பந்தியே பொருந்தும். மாலை ஆறு மணிக்குச் சூடாக ஒரு டீயும் பிஸ்கட்டும் பஃபேயில் கிடைக்கும், அதுவரை தாங்கும்.

ஆனால் இரண்டாம் பந்தியில் சாப்பிட்டு எழும்போது பத்து, பத்தரை ஆகிவிடும். இங்கே எல்லாம் ஒரே இலையில் வந்துவிடாது. முதலில் தொடுகறி போல ஒன்று, அப்புறம் சூப்போ சாலடோ, அப்புறம் முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு. மேசையில் இருக்கும் எல்லோரும் ஒரு சுற்றை முடித்த பிறகுதான் அடுத்தது வரும். ஒன்றரை மணி நேரம் சாதாரணம். முதல் நாள் இது தெரியாமல் சிலர், எங்களை யாரும் கவனிக்கவில்லை என்று கோபப்படுவார்கள். அவர்கள் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள், உங்கள் மேசையில் கடைசி ஆள் ஸ்பூனைக் கீழே வைக்கக் காத்திருப்பார்கள்.

மெனு அட்டையில் விலை இருக்காது. இந்தக் கூடத்துச் சாப்பாடு டிக்கெட் பணத்திலேயே அடங்கியது. இரண்டு வகை சூப்பையும் ருசி பார்க்க வேண்டுமா, கேளுங்கள். ஒன்று பிடிக்கவில்லையா, சொன்னால் மாற்றித் தருவார்கள். இதில் கூச்சப்படவே வேண்டாம். முக்கிய உணவை ஓர் அளவுக்கு மேல் கேட்டால் காசு வாங்கும் வழக்கம் சில கப்பல்களில் வந்துவிட்டது, அதைமட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிமாறுகிறவர்களிலும் ஒரு வரிசை உண்டு. ஒரு சர்வரும் ஓர் உதவிச் சர்வரும் சேர்ந்து சில மேசைகளைப் பார்த்துக்கொள்வார்கள். சர்வர் உணவைக் கேட்டு வாங்கி வருவார், உதவியாளர் தண்ணீர், ரொட்டி, தட்டு எடுப்பதைக் கவனிப்பார். அவர்களுக்கு மேலே தலைமைச் சர்வர், கூடம் முழுமைக்கும் பொறுப்பாக மேட்டர் டீ. மேசை மாற்ற வேண்டுமானால், உணவில் கட்டுப்பாடு இருந்தால், பேச வேண்டியது தலைமைச் சர்வரிடமோ மேட்டர் டீயிடமோதான். முதல் நாள் மாலையே பேசிவிடுங்கள், இரண்டாம் நாள் எல்லா மேசையும் நிலைத்துவிடும்.

நாங்கள் போன பயணத்தில் அம்மா முதல் இரவு கொஞ்சம் தயங்கி, சாப்பாட்டின் முடிவில் தயிர் கிடைக்குமா என்று கேட்டார். கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டாம் இரவு நாங்கள் உட்காரும்போதே அவர் தட்டுக்குப் பக்கத்தில் தயிர்க் கிண்ணம் இருந்தது. மூன்றாம் இரவு தயிரோடு கொஞ்சம் வெள்ளைச் சாதமும் வந்தது, அது நாங்கள் கேட்காதது. அந்தச் சர்வர் கோவாக்காரர். ஒரே மேசைக்கு ஒரே ஆள் என்ற ஏற்பாட்டின் அருமை எனக்குப் புரிந்தது அந்தக் கிண்ணத்தில்தான். அதனால்தான் முதன்முறை போகிறவர்களுக்கு, எத்தனை வசதிக் குறைவு இருந்தாலும், நிரந்தர மேசையையே எடுங்கள் என்று சொல்கிறேன். உணவு எந்தக் கப்பலிலும் நன்றாகத்தான் இருக்கும். உங்களைத் தெரிந்த ஒருவர் பரிமாறும் சாப்பாடு வேறு.

சரி, இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

கப்பலில் போவதே ஊர் சேர்வதற்கான ஒரே வழியாக இருந்த காலத்திலிருந்து வந்தது. நம் குடும்பங்களிலும் அந்த நினைவு உண்டு. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ரஜூலாவில், பிறகு சிதம்பரம் கப்பலில் போனவர்கள் கடலைப் பார்க்கப் போகவில்லை, பிழைக்கப் போனார்கள். அட்லாண்டிக் கடலைக் கடந்த கப்பல்களும் அப்படித்தான் தொடங்கின. 1840இல் குனார்டு நிறுவனத்தின் பிரிட்டானியா முதன்முதலில் புறப்பட்டபோது, பயணிகளுக்குப் பால் கொடுக்க ஒரு பசுவையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குளிர்பதனம் இல்லாத காலம். சாப்பாட்டு அறையில் நீள மேசைகள், கப்பல் ஆடினாலும் நகராதபடி தரையோடு முடுக்கிய இருக்கைகள். அலை பெரிதாக இருக்கும் நாளில் தட்டு வழுக்கி விழாமல் இருக்க மேசை விளிம்பில் மரச்சட்டம் பொருத்துவார்கள்.

அப்புறம் பணக்காரப் பயணிகளைப் பிடிக்கப் போட்டி வந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனம் 1905இல் அமெரிக்கா என்ற கப்பலில் ரிட்ஸ் பெயரில் ஓர் உணவகத்தைத் திறந்தது. குறித்த நேரத்தில், குறித்த உணவு என்ற பந்தி முறைக்கு வெளியே, விரும்பியபோது போய், விரும்பியதைத் தனிக் காசு கொடுத்துச் சாப்பிடலாம். இன்று பெரும்பாலான கப்பல்களில் இருக்கும் கட்டண உணவகங்களுக்கு அதுதான் பாட்டி.

வகுப்பு வேறுபாடு தட்டிலும் இருந்தது. 1912இல் டைட்டானிக்கின் முதல் வகுப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓர் ஊழியர் பியூகிள் ஊதி அறிவிப்பார். உள்ளே சுற்றுச் சுற்றாக விருந்து நடக்கும். அதே கப்பலின் மூன்றாம் வகுப்பில் பெரிய சாப்பாடு மதியம்தான். மாலையில் தேநீரோடு ஓர் உணவு, இரவில் கஞ்சி. அந்தக் கடைசி நாளின் மெனு அட்டைகள் இன்றும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் மனம் கனத்துவிடும்.

குனார்டு இன்றும் அந்தப் பழைய மரபின் ஒரு பகுதியை விடாமல் வைத்திருக்கிறது. 2004இலிருந்து ஓடும் அதன் குவீன் மேரி 2 கப்பலில், எந்த அறையில் தங்குகிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் உணவகம். விலையுயர்ந்த அறைக்காரர்களுக்குக் குவீன்ஸ் கிரில், அதற்கு அடுத்தவர்களுக்குப் பிரின்சஸ் கிரில், பெரும்பான்மையோருக்குப் பிரிட்டானியா உணவகம். மாலை நேரத் தேநீரை வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர்கள் பரிமாறுவார்கள். விரும்புகிறவர்கள் அதற்காகவே தேடிப் போகிறார்கள்.

பந்தி முறையை முதலில் பெரிய அளவில் உடைத்தது நார்வீஜியன் குரூஸ் லைன். 2000ஆம் ஆண்டில், நிரந்தர நேரமும் இல்லை, நிரந்தர மேசையும் இல்லை, நகரத்தில் ஹோட்டலுக்குப் போவதுபோல எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றது. ஃப்ரீஸ்டைல் என்று பெயர் வைத்தது. மற்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் கப்பல்களிலும் பாதிக் கூடத்தை அப்படி மாற்றின. பெயர்தான் கப்பலுக்குக் கப்பல் வேறு: மை டைம், யுவர் டைம், எனி டைம். பொருள் ஒன்றே. மாலை 5.30லிருந்து 9.30 வரை எப்போதாவது வாசலில் போய் நின்றால், காலியாக இருக்கும் மேசையைக் கொடுப்பார்கள். ஏழு மணிக்குப் போனால் வரிசையில் நிற்க நேரும், ஏனென்றால் எல்லோருக்கும் ஏழு மணிக்குத்தான் பசிக்கிறது. செயலியில் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டால் காத்திருப்பு குறையும். பிடித்த சர்வரின் பெயரைச் சொல்லி, அவர் பகுதியில் உட்கார வையுங்கள் என்று கேட்கவும் செய்யலாம். தினமும் கேட்டால் அதுவே ஒரு நிரந்தர மேசை ஆகிவிடும்.

டிஸ்னி 1998இல் தன் முதல் கப்பலை ஓட்டியபோது இரண்டுக்கும் நடுவே ஓர் அழகான வழியைக் கண்டுபிடித்தது. மூன்று உணவகங்கள். ஒவ்வோர் இரவும் நீங்கள் வேறொன்றுக்குப் போவீர்கள், உங்கள் சர்வரும் உங்களோடு வருவார். குழந்தைக்கு மாமிசத்தைச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுக்க வேண்டும் என்று முதல் நாள் சொன்னால் போதும், கூடம் மாறினாலும் சொன்னது மறக்காது. இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

பந்தி, மேசை எல்லாம் இந்தப் பெரிய கூடத்துக்குத்தான். இதைத் தவிர மேல்தளத்தில் பஃபே உண்டு. காலையும் மதியமும் பெரும்பாலோர் அங்கேதான். இரவிலும் திறந்திருக்கும், உடைக் கட்டுப்பாடு இல்லை. பீட்சா, பர்கர் போன்றவை நீச்சல்குளத்துப் பக்கம் கிடைக்கும். இவையும் டிக்கெட்டில் அடங்கியவை. ஸ்டேக், இத்தாலிய உணவு, ஜப்பானிய உணவு என்று தனித்தனியாக இருக்கும் உணவகங்களுக்கு ஆளுக்கு 30 டாலரில் தொடங்கி அதற்கு மேலும் வாங்குவார்கள். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் இப்படி எல்லாம் சேர்த்து இருபதுக்கு மேற்பட்ட இடங்கள். ஒரு வாரப் பயணத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது, முயலவும் வேண்டாம்.

இப்போது பஃபேயின் வாசலுக்கு வருவோம். பல கப்பல்களில் அங்கே ஓர் ஊழியர் நின்று, வாஷி வாஷி என்று பாட்டுப் பாடியபடி கை கழுவச் சொல்வார். குழந்தைகள் அவரோடு சேர்ந்து பாடுவார்கள். அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருப்பது நோரோவைரஸ் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி. ஆயிரக்கணக்கானோர் ஒரே கரண்டியைத் தொடும் இடத்தில் அது ஒருவரிடமிருந்து நூறு பேருக்குப் போய்விடும். கையில் தேய்க்கும் சானிடைசர் ஜெல் இதற்குச் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். ஜெல் தடவிக்கொண்டோமே என்று நேராகத் தட்டை எடுக்காதீர்கள்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், சிடிசி, 1975இலிருந்து கப்பல் சமையலறைகளைச் சோதிக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. சொல்லாமல் கொள்ளாமல் கப்பலில் ஏறி, குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை, தட்டுக் கழுவும் தண்ணீரின் சூடு, காய் நறுக்கும் பலகை எல்லாவற்றையும் பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். 85ஆ அதற்குக் கீழா, தோல்வி. மதிப்பெண்களைப் பொதுவில் வெளியிடுவார்கள். அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் பதிவு செய்கிறவர்கள் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் கொரோனாவுக்கு இந்த ஏற்பாடுகள் போதவில்லை. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்தி வைத்தபோது அதில் 3,711 பேர் இருந்தார்கள். எழுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்தது. பயணிகளைக் கேபினுக்குள் அடைத்துவிட்டார்கள், கூடமும் பஃபேயும் மூடின. ஆனால் யாராவது சமைக்க வேண்டும், யாராவது தட்டை ஒவ்வொரு கதவுக்கும் கொண்டுபோக வேண்டும். ஊழியர்களில் முதலில் தொற்று உறுதியான 20 பேரில் 15 பேர் உணவுப் பகுதியில் வேலை செய்தவர்கள். அந்தக் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட இந்திய ஊழியர்கள் இருந்தார்கள். கதவைத் திறந்து தட்டை வாங்கிக்கொண்ட பயணிக்குப் பாதுகாப்பு இருந்தது, தட்டை நீட்டிய கைக்கு இல்லை. கப்பல் சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் மாதத்தில் உலகம் முழுக்கக் கப்பல்கள் நின்றன. திரும்பி வந்தது கொஞ்சம் கொஞ்சமாக. 2020 ஆகஸ்டில் இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து எம்எஸ்சி கிராண்டியோசா புறப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து வேர்ல்டு டிரீம், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலைச் சுற்றிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும் பயணங்களைத் தொடங்கியது. அமெரிக்காவில் 2021 ஜூன் 26 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று புளோரிடாவிலிருந்து செலிபிரிட்டி எட்ஜ் கிளம்பியது. நம் பக்கம் 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து கார்டீலியா ஓடத் தொடங்கி, 2022 ஜூனில் சென்னைக்கும் வந்தது. அடுத்த ஆண்டு அதே கப்பல் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கே போய் நின்றது.

திரும்பி வந்த கப்பல்களில் சாப்பாட்டுக் கூடம் வேறு மாதிரி இருந்தது. மேசைகள் தள்ளித் தள்ளி. முகக்கவசத்தை உணவு வந்த பிறகுதான் கழற்றலாம். மெனு அட்டைக்குப் பதில் கைப்பேசியில் பார்க்கும் கியூஆர் கட்டம். தடுப்பூசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சில கப்பல்களில் தனித்தனிப் பகுதிகள். பஃபேயில் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற ஊழியரிடம் விரலைக் காட்டி இது கொஞ்சம், அது கொஞ்சம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இவற்றில் பல போய்விட்டன. சிடிசி 2022 ஜூலையில் கப்பல்களுக்கான தன் கொரோனா திட்டத்தை முடித்துக்கொண்டது. பெரும்பாலான கப்பல்களில் பஃபே கரண்டி மறுபடி பயணிகள் கைக்கே வந்துவிட்டது. செயலியில் மேசை பதிவு செய்வது தங்கிவிட்டது, அது நல்லதே. ஆனால் அறிமுகம் இல்லாதவர்களோடு எட்டுப் பேர், பத்துப் பேர் மேசையில் உட்காரும் வழக்கம் மெலிந்துவிட்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு குடும்பத்தையும் தனி மேசையில் உட்கார வைத்துப் பழக்கிவிட்டார்கள், மக்களும் அதற்கே பழகிவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தம்தான். ஓய்வுபெற்ற ஆஸ்திரேலிய ஆசிரியர்களோடும் மலாக்காவில் கடை வைத்திருக்கும் தம்பதியோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து, முதல் இரவு வானிலையைப் பற்றிப் பேசி, ஐந்தாம் இரவு பிள்ளைகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசும் அனுபவம் வேறெங்கும் கிடைக்காது. கூட்டு மேசை வேண்டுமென்று கேட்டால் இன்னும் கொடுக்கிறார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நம் ஆட்கள் அதிகம் கவலைப்படுவது சைவச் சாப்பாட்டுக்கு. பதிவு செய்யும்போதே சைவம், ஜைன உணவு, ஹலால், ஒவ்வாமை எதுவானாலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது சொல்லிவிட வேண்டும் என்று நிறுவனங்கள் எதிர்பார்க்கும், ஏனென்றால் நடுக்கடலில் கடைக்கு ஓட முடியாது. மெனுவில் சைவத்துக்குக் குறியீடு இருக்கும். ஆனால் மேற்கத்தியக் கப்பலில் சைவம் என்றால் முட்டையும் பாலாடைக்கட்டியும் சேர்ந்தது என்பதை நினைவில் வையுங்கள். முட்டையும் கூடாது என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய கப்பல்களின் சமையலறையில் இந்தியச் சமையற்காரர்கள் அநேகமாக இருப்பார்கள். இன்றிரவே தலைமைச் சர்வரிடம், நாளைக்கு ஒரு பருப்பும் காய்க்கறியும் முடியுமா என்று கேட்டு வைத்தால் பல கப்பல்களில் செய்து தருகிறார்கள். தோசையை எதிர்பார்க்க வேண்டாம். சென்னை, மும்பையிலிருந்து ஓடும் கப்பலில் இந்தக் கவலையே இல்லை. சிங்கப்பூர்க் கப்பல்களிலும் இந்திய உணவு தாராளமாகக் கிடைக்கும்.

வீட்டில் செய்த சாப்பாட்டை ஏற்ற விடமாட்டார்கள். புளியோதரை கட்டிக்கொண்டு போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கடையில் வாங்கி முத்திரை பிரிக்காத ஊறுகாய், பருப்புப் பொடிப் பாக்கெட்டை வழக்கமாகத் தடுப்பதில்லை. குட்டி ரைஸ் குக்கர், மின்சாரக் கெட்டில் இரண்டும் கூடாது. பஃபேயிலிருந்து வாழைப்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு கரை இறங்குவதும் பல நாடுகளில் அபராதத்தில் முடியும்.

உடையைப் பற்றி. ஏழு இரவுப் பயணத்தில் ஓரிரு இரவுகளை விசேஷ இரவாக வைத்திருப்பார்கள். முன்பு ஆண்களுக்குக் கருப்புக் கோட்டும் கழுத்தில் போ டையும் கட்டாயம் என்ற அளவுக்கு இருந்தது. இப்போது பெரும்பாலான கப்பல்கள் தளர்த்திவிட்டன, குனார்டு போன்ற ஒன்றிரண்டு மட்டும் பிடிவாதமாக இருக்கின்றன. நமக்கு இதில் செலவே இல்லை. பட்டுப்புடவை எந்தக் கப்பலிலும் முழு விசேஷ உடைதான். அந்த இரவில் புடவை கட்டி வருகிறவரைத் திரும்பிப் பார்க்காத மேசை இருக்காது. ஆண்களுக்கு ஒரு நல்ல கோட்டோ, கழுத்து மூடிய பந்த்கலாவோ போதும். பழைய வழக்கப்படி அன்று கேப்டன் தன் மேசைக்குச் சிலரை அழைப்பார். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் வேறு மூத்த அதிகாரிகள் அமர்கிறார்கள். அழைப்பு வந்தால் தவற விடாதீர்கள்.

இன்னொரு காட்சி, பேக்டு அலாஸ்கா ஊர்வலம். கேக்கின் மேல் ஐஸ்கிரீம் வைத்து, அதன் மேல் முட்டை வெள்ளைக்கரு நுரையைப் பூசி, வெளியே மட்டும் பொன்னிறமாக வாட்டிய இனிப்பு அது. கடைசி விசேஷ இரவில் விளக்கை அணைத்துவிட்டு, சர்வர்கள் எல்லோரும் அதைத் தலைக்கு மேல் ஏந்தி இசையோடு வரிசையாக வருவார்கள். பயணிகள் கைக்குட்டைத் துணியைச் சுழற்றுவார்கள். ஒரு காலத்தில் நிஜமாகவே தீ எரிய வந்த இனிப்பு, இப்போது பேட்டரி விளக்கோடு வருகிறது. சில கப்பல்களில் இந்த வழக்கமே நின்றுவிட்டது. பனிச்சிற்பங்களோடு நள்ளிரவில் வைக்கும் பெரிய பஃபேயும் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஒரு சின்ன விஷயம், பலரைச் சாப்பாட்டைத் தவற விட வைப்பது: கப்பல் நேரம். துறைமுகத்தில் நிற்கும்போது கைப்பேசி அந்த ஊரின் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். பந்தியோ கப்பலின் நேரப்படி நடக்கும். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

பணம். தண்ணீர், டீ, சாதாரணக் காபி பொதுவாக இலவசம். குளிர்பானமும் மதுவும் பெரும்பாலான கப்பல்களில் தனிக் காசு. டிப்ஸைத் தினமும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாக ஏற்றிவிடுவார்கள். அமெரிக்க நிறுவனங்களில் இது சுமார் 15 முதல் 20 டாலர். நான்கு பேர், ஏழு நாள் என்றால் ஐந்நூறு டாலரைத் தொடும். டிக்கெட் விலையைப் பார்க்கும்போதே இதையும் கூட்டிக்கொள்ளுங்கள், கடைசி நாள் அதிர்ச்சி இருக்காது. சிலர் வரவேற்பு மேசைக்குப் போய் அதை எடுத்துவிடச் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வீட்டை விட்டு ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர்ச்சியாக, வார விடுமுறை இல்லாமல் வேலை செய்கிறவர்களின் வருமானத்தில் அது ஒரு பகுதி. இதற்கு மேல் கடைசி இரவில் உறையில் கொஞ்சம் பணம் வைத்துச் சர்வருக்கும் உதவியாளருக்கும் கேபின் ஊழியருக்கும் நேரில் கொடுப்பது பழைய வழக்கம். கட்டாயம் இல்லை. கொடுக்கும்போது பெயர் சொல்லிக் கொடுங்கள். நிறுவனம் பயணத்துக்குப் பிறகு அனுப்பும் கருத்துப் படிவத்திலும் அந்தப் பெயரை எழுதுங்கள், அவர்களின் அடுத்த ஒப்பந்தத்துக்கு அது உதவும்.

இறங்கும் நாள் காலையில் சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிடும். எட்டரை மணிக்கெல்லாம் மூடிவிடும் கப்பல்கள் உண்டு, அதனால் பெட்டியைத் தூக்குவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். அன்று நிரந்தர மேசை கிடையாது, காலியான இடத்தில் உட்கார வேண்டியதுதான். நாங்கள் போனபோது எங்கள் சர்வர் கூடத்தின் மறு கோடியில் வேறு யாருக்கோ காபி ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் ஜாடியை வைத்துவிட்டு வந்து, வீட்டுக்குப் போய் நல்ல தயிர் சாப்பிடுங்கள் என்றார். மதியம் பன்னிரண்டு மணிக்கு அடுத்த மூவாயிரம் பேர் ஏறிவிடுவார்கள். அதற்குள் அவர் மேசைகளை விரித்து முடிக்க வேண்டும்.